ரெண்டாவது கூட்ஸ்

வணக்கம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றிருக்கிறீர்களா? வடசென்னைக்காரர்களிடம் இதைக் கேட்பதே தப்பு. கேட்டைப் போட்டதும் வண்டியை அணைக்கிறோம். கூட்ஸ் பெட்டி பெட்டியாய்ப் போகிறது. அப்பாடா என்று கிக்கரை உதைத்தால், எதிர்ப்பக்கம் இன்னொரு கூட்ஸ்! அதற்குள் குனிந்து நுழைகிறவர்களைத் திட்டாத நாளில்லை நான்.

மனநல சமூகப் பணியாளராக இருந்தபோது என்னிடம் வந்த ஒரு பெண் இந்தக் கேட்டைத்தான் சொன்னாள். அவளுக்கு பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு. "உங்களுக்கெல்லாம் கோவம் எலக்ட்ரிக் ட்ரெயின்க்கா, சட்டுனு போயிடும். எனக்கு கூட்ஸு."

மருத்துவர்கள் சொல்வதும் அதுதான்: உணர்ச்சி சட்டென்று ஏறும், உச்சத்துக்குப் போகும், இறங்க நேரமெடுக்கும். ஒருநாள் அவளுடைய தோழி போனை எடுக்கவில்லை. 'கைவிட்டுட்டா' என்று தோன்றி, போனைச் சுவரில் அடித்தாள். அம்மா, "சீன் போடாதடி" என்றார். அப்போது வந்தது ரெண்டாவது கூட்ஸ். வெட்கம். 'சே, நான் ஏன் இப்படி?' அவள் தன்னைக் காயப்படுத்திக்கொண்டது இந்த ரெண்டாவது வண்டியில். கோபத்தில் இல்லை. இப்போதுதான் ரேடியோ போட்டவர்களுக்காக மறுபடி சொல்கிறேன்: கோபத்தில் இல்லை, பின்னால் வந்த வெட்கத்தில்.

அந்தக் காயம் கொஞ்ச நேரம் கொதிப்பை அடக்கும். அதனால்தான் அந்தப் பழக்கம் திரும்பத் திரும்ப வருகிறது. எல்லா முறையும் சாகும் எண்ணம் இருக்காது. ஆனாலும் இவர்களிடம் தற்கொலை அபாயம் நிஜம். 'சும்மா மிரட்டுது' என்று யாரும் விட்டுவிடாதீர்கள்.

சிகிச்சைக்கும் குறுக்கே நிற்பது அதே வெட்கம்தான். காயத்தை மறைப்பார்கள், அடுத்த வாரம் வரமாட்டார்கள். அவள் மூன்று வாரம் வரவில்லை. வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "ஏன் வரல?" என் தப்பு அது. "வந்தியே, உட்காரு" என்றிருக்க வேண்டும்.

அமெரிக்காவில் மார்ஷா லினஹன் என்ற உளவியலாளர் இப்படிப்பட்டவர்களுக்காக டிபிடி என்ற பேச்சு சிகிச்சையை உருவாக்கினார். 'நீ படுவது உண்மை' என்பதையும் 'மாற முடியும்' என்பதையும் சேர்த்தே சொல்லும் முறை. இளம் வயதில் தானும் தன்னைக் காயப்படுத்திக்கொண்டு மருத்துவமனையில் கிடந்தவர் என்று 2011-இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். வந்த உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது, குளிர்ந்த நீரில் முகம் நனைப்பது, கேட் திறக்கும்வரை... அதை விரிவாகச் சொல்லலாம் என்றிருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். மாத்திரை? இதற்கென்று தனி மாத்திரை இல்லை. கூட வரும் மனச்சோர்வுக்குக் கொடுப்பார்கள்.

சரி, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ், 14416. இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு.