பெரியவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்தால் மறதி வருமா?

தமிழ் நேயர்களுக்கு வணக்கம்; முஸ்லிம் நேயர்களுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

மட்டக்களப்பில் மயக்க மருந்து வைத்தியராக வேலை செய்யும் என்னிடம் கிளினிக்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "டொக்டர், முழு மயக்கம் குடுத்தா உம்மாக்கு மறதி வந்திடுமாமே?" படுவான்கரையிலிருந்து வருகிறவர்களும் கேட்கிறார்கள், காத்தான்குடியிலிருந்து வருகிறவர்களும் கேட்கிறார்கள். இந்தப் பயத்தில் இடுப்பெலும்பு முறிந்தவர்களை வீட்டிலேயே படுக்கவைத்து எண்ணெய்க் கட்டுப் போடுகிறார்கள். அதனால்தான் இன்று இதைப் பேச வந்தேன்.

முழு மயக்கத்துக்கு நாங்கள் பெரும்பாலும் நாளத்தில் ஏற்றும் மருந்து புரோபோஃபோல். பால் போல வெள்ளையாக இருக்கும். மூளைக் கலங்களை அடக்கிவைக்க காபா என்ற இரசாயனம் நம் உடம்பிலேயே சுரக்கிறது. அது போய் ஒட்டும் அதே புரதத்தில் வேறோர் இடத்தில் இந்த மருந்தும் ஒட்டி, அதன் வேலையைப் பல மடங்காக்கிவிடும். மூளையின் நடுவிலுள்ள தலமசுக்கும் மேற்பட்டைக்கும் இடையிலான பேச்சு அறுந்துபோகும். தூங்குகிறவரைத் தட்டினால் எழும்புவார், இவர் கத்தி வைத்தாலும் எழும்ப மாட்டார். மருந்து மூளையை விட்டு இறங்கியதும் கலங்கள் மறுபடி பேசத் தொடங்கும்.

சரி, அப்படியானால் மறதி எங்கிருந்து வருகிறது? 1998இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில், 60 வயது தாண்டி பெரிய சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களில் ஒரு கிழமைக்குப் பிறகு 100க்கு ஏறக்குறைய 26 பேருக்கு நினைவும் கவனமும் குறைந்திருந்தன. மூன்று மாதத்தில் அது 10 ஆகக் குறைந்தது. ஆகவே மக்கள் சொல்வது கட்டுக்கதை அல்ல. ஆனால் பழியை மயக்க மருந்தின் மேல் மட்டும் போட முடியாது. இடுப்பு முறிந்த 1,600 பேரை அமெரிக்காவிலும் கனடாவிலும் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு முதுகில் விறைப்பு ஊசியும் மீதிப் பேருக்கு முழு மயக்கமும் கொடுத்துப் பார்த்தார்கள். 2021இல் முடிவு வந்தது: இரண்டு பக்கத்திலும் ஐந்தில் ஒருவர் அளவில் குழம்பியிருந்தார்கள். வெட்டுக் காயத்தால் உடம்பில் எழும் அழற்சி, வலி, தூக்கமின்மை, நீரிழப்பு, கிருமித்தொற்று எல்லாம் சேர்ந்துதான் வயதான மூளையைக் கலக்குகின்றன.

குழந்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எலி, குரங்குக் குட்டிகளில் நீண்ட நேர மயக்கம் மூளைக் கலங்களைச் சாகடித்தது உண்மை. அதனால்தான் 2016இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு மூன்று மணிநேரத்துக்கு மேற்பட்ட மயக்கம் குறித்து எச்சரித்தது. ஆனால் 722 கைக்குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு மணிநேரத்துக்கும் குறைவான மயக்கம் ஐந்து வயதில் அவர்களின் அறிவுத்திறனைக் குறைத்திருக்கவில்லை. பிள்ளைக்கு ஹேர்னியா, அதாவது குடலிறக்கம் என்றால் பயந்து தள்ளிப்போட வேண்டாம்.

இனி வாட்டுக்கு வருவோம். சத்திரசிகிச்சை முடிந்த இரவு, பெரியவர் சேலைன் குழாயை இழுத்துக்கொண்டு, "வயலுக்குத் தண்ணி கட்டப் போகணும், விடு" என்று எழும்புவார். பைத்தியம் பிடித்துவிட்டதென்று பிள்ளைகள் அழுவார்கள். இன்னும் சிலர் அரவமே இல்லாமல் படுத்திருப்பார்கள், சாப்பிட மாட்டார்கள், கேட்டால் பதில் வராது. "நல்லாத் தூங்குறார்" என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். என்னைக் கேட்டால் இவர்களைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். உடனே தாதியிடம் சொல்லுங்கள்.

தியேட்டருக்குள் போகும்முன் நாங்கள் கண்ணாடி, காது கேட்கும் கருவி, கட்டுப்பல் எல்லாவற்றையும் கழற்றி வாங்கி உங்களிடம் தருவோம். வெளியே வந்து கண் திறந்ததும் அவற்றைத் திரும்பப் போட்டுவிடுங்கள். முகம் தெரியாமல், பேச்சுக் கேளாமல் கிடக்கும் ஆள் சீக்கிரம் குழம்பிவிடுவார். பழகிய ஒருவர் பக்கத்தில் இருந்து, இது ஆஸ்பத்திரி, இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டேயிருங்கள். குடிக்கலாம் என்று சொன்ன பிறகு தண்ணீர் கொடுங்கள். வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். இரவில் தூக்கக் குளிசை கேட்டு அடம்பிடிக்காதீர்கள். பல தூக்கக் குளிசைகள் குழப்பத்தைக் கூட்டும்.

அப்புறம், முன்கூட்டியே கிளினிக்குக்கு வரும்போது எதையும் மறைக்க வேண்டாம். ஏற்கெனவே மறதி இருக்கிறதா, முன்பொருமுறை சத்திரசிகிச்சைக்குப் பிறகு குழம்பினாரா, தினமும் தூக்கக் குளிசை போடுகிறாரா என்று எங்களுக்குத் தெரிய வேண்டும். தினமும் குடிப்பவர் வாட்டில் திடீரென்று நிறுத்தும்போதும் மூளை குழம்பும். அதற்கு வேறு மருந்து. அதை வீட்டார் முன் சொல்லக் கூச்சமென்றால், தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள், கதவைச் சாத்திவிட்டுப் பேசுவோம்.