பத்து நிமிடத் தீ, ஒரு திங்கட்கிழமை போன்

[திரையில்: இருட்டு, தூரத்தில் ஊர் விளக்குகள், ஒரு மின்னல்]

2000 மார்ச் 17, வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் மின்கம்பியில் இடி விழுகிறது. அல்புகர்க்கி ஊரில் இருந்த ஃபிலிப்ஸ் சிப் தொழிற்சாலையில் கரண்ட் ஏறி இறங்க, தீ பிடிக்கிறது. பத்து நிமிடம்தான். ஊழியர்களே அணைத்துவிட்டார்கள். தீயணைப்பு வண்டி வந்தபோது அதற்கு அங்கே வேலையே இல்லை.

ஆனால் சிப் தயாரிக்கும் அறை என்பது தூசு துளி கூட இருக்கக் கூடாத இடம். அங்கே புகையும் கரியும் தண்ணீரும் புகுந்துவிட்டன. தீயில் போனதைவிட இதில் போனதுதான் அதிகம்.

[திரையில்: இரண்டு பழைய பட்டன் போன்கள்]

அந்த ஆலையின் சரக்கில் ஏறக்குறைய 40 சதவீதத்தை வாங்கியவர்கள் இரண்டே பேர். பின்லாந்தின் நோக்கியா, சுவீடனின் எரிக்சன். இரண்டும் செல்போன் கம்பெனிகள். "ஒரு வாரம் தாமதமாகும்" என்று ஃபிலிப்ஸ் சொன்னது. இரண்டு பேருக்கும் ஒரே செய்திதான்.

திங்கட்கிழமை நோக்கியாவில் போனை எடுத்தவர் பாகங்கள் வாங்கும் பிரிவின் மேலாளர். அவருக்கும் இது பெரிய விஷயமாகப் படவில்லை. இருந்தாலும் மேலே சொல்லிவிட்டார். அங்கே பெர்ட்டி கொர்ஹோனென் என்பவர், சிக்கல் என்றால் அவரிடம்தான் போகும். அவரும் அன்றைக்கு எதையும் தலைகீழாக மாற்றிவிடவில்லை. அந்த ஆலையிலிருந்து வரும் ஐந்து பாகங்களைத் தனியாகக் கவனிக்கச் சொன்னார். தினமும் போன் போட்டு நிலவரம் கேட்கச் சொன்னார். அவ்வளவுதான். பயந்தது வீண் என்று ஆகியிருந்தால் நஷ்டம் போன் பில்லோடு போயிருக்கும்.

இரண்டு வாரத்தில் உண்மை வெளியே வந்தது. ஒரு வாரமெல்லாம் இல்லை, மாதக் கணக்கில் இழுக்கும். சுமார் 40 லட்சம் போன்களின் தயாரிப்பு ஆட்டம் காணும். இப்போதுதான் பெரிய முடிவுகள். மூன்று பாகங்களை வேறு இடத்தில் பிடித்தார்கள். மீதி இரண்டுக்காகத் தலைவர் யோர்மா ஒல்லிலாவே ஃபிலிப்ஸ் தலைவரிடம் நேரில் பேசினார். நெதர்லாந்து, சீனா என்று ஃபிலிப்ஸின் மற்ற ஆலைகளில் தங்கள் பாகங்களைத் தயாரிக்க இடம் பிடித்தார்கள்.

எரிக்சனில் யாரும் முட்டாள்கள் இல்லை. செய்தியைக் கேட்டவர் ஒரு வாரம் என்றால் ஒரு வாரம் என்று எடுத்துக்கொண்டார். போன் பிரிவின் தலைமைக்கு விஷயம் போய்ச் சேரவே வாரங்கள் ஆயின. அதற்குள் மற்ற ஆலைகளில் காலியாக இருந்த இடமெல்லாம் நோக்கியா கைக்குப் போய்விட்டது. செலவைக் குறைக்க எரிக்சன் முன்பே பல பாகங்களுக்கு ஒரே சப்ளையரை நம்பத் தொடங்கியிருந்தது வேறு. விற்பனை இழப்பு ஏறக்குறைய 40 கோடி டாலர். 2001இல் போன் தயாரிப்பை ஃபிளெக்ஸ்ட்ரானிக்ஸ் நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு, சோனியோடு கூட்டுச் சேர்ந்தது. தீ மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், தீயும் ஒரு காரணம்.

[திரையில்: அச்சகம், கட்டிங் மிஷின்]

முதலாளி சட்டென்று முடிவெடுக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எரிக்சனில் நாட்கள் போனது முதலாளி மேஜைக்கு வரும் வழியில்.

என் கதையையும் சொல்கிறேன். எங்களுடையது சின்ன அச்சகம். கட்டிங் மிஷின் கத்திக்குச் சாணை பிடிக்க ஒரே ஒருவர்தான். ஒரு வைகாசி மாதம், கல்யாணப் பத்திரிகை ஆர்டர் தலைக்கு மேல் கிடக்கிறது, கத்தி மழுங்கி காகித ஓரம் பிசிறு பிசிறாக வருகிறது. சாணைக்காரர் ஊரில் இல்லை. மிஷின் பையனுக்கு இது இரண்டு நாள் முன்பே தெரியும்.

"ஏன்டா சொல்லலே?"

"திட்டுவீங்கன்னுதாண்ணே."

திட்டுவேன்தான். அதற்கு முந்தின மாதம் இங்க் டப்பா கொட்டிவிட்டது என்று வந்து சொன்னதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டவன் அவன். அன்றைக்கு நான் எடுத்த முடிவு வேகமானதுதான்: பக்கத்துத் தெரு அச்சகத்தில் கேட்ட கூலியைக் கொடுத்து வெட்டி வாங்கினேன். லாபம் அங்கேயே போய்விட்டது. இரண்டு நாள் முன்னால் தெரிந்திருந்தால் கத்தியைப் பஸ்ஸில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்பியிருப்பேன்.

எரிக்சன் பிறகு ஒரு வேலை செய்தது. தான் வாங்கும் பாகங்களை வரிசைப்படுத்தி, இது நின்றுபோனால் மறுபடி கிடைக்க எத்தனை மாதம் ஆகும் என்று கணக்கெடுத்தது. எங்கள் மிஷின் பக்கத்துச் சுவரிலும் இப்போது ஓர் அட்டை தொங்குகிறது. கத்தி, பிளேட், ரோலர், லாமினேஷன் என்று எழுதி, எதிரே இரண்டிரண்டு போன் நம்பர். லாமினேஷனுக்கு மட்டும் இரண்டாவது இடம் காலியாக இருக்கிறது. தேடிக்கொண்டிருக்கிறேன்.