இல்லை, நீ நகைத்தாய்

(ஸ்தோத்திரப் பண்டிகைக்கு முந்தின நாள் மாலை, சபையின் ஆண்கள், பெண்கள் ஐக்கிய சங்கங்கள் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் பேசியது. பேச்சு நடை அதிகம் மாற்றப்படவில்லை.)

அன்பான போதகர் ஐயர் அவர்களே, அம்மா அவர்களே, சபையாரே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

எனக்கு இருபது நிமிடம் என்று சொல்லியிருக்கிறார்கள். வாத்தியார் வேலை பார்த்தவனிடம் மைக்கைக் கொடுத்துவிட்டு இருபது நிமிடம் என்று சொல்வதற்கும் விசுவாசம் வேண்டும். ஜன்னல் திண்டில் உட்கார்ந்திருக்கிற தம்பிமார் மட்டும் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருங்கள். காரணம் அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரத்தில் இருக்கிறது.

துரோவாவில் பவுல் நடுராத்திரி வரைக்கும் பேசிக்கொண்டிருக்கிறார். ஐத்திகு என்கிற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்து தூங்கி, மூன்றாம் மெத்தையிலிருந்து கீழே விழுந்துவிடுகிறான். செத்துப்போனான் என்றுதான் தூக்கினார்கள். பவுல் இறங்கிப் போய் அவனை அணைத்துக்கொண்டு, உயிர் இருக்கிறது, கலங்காதேயுங்கள் என்கிறார். சரி, இதோடு கூட்டத்தை முடித்திருப்பார் என்றுதானே நினைப்போம்? மறுபடி மேலே ஏறிப் போய், அப்பம் பிட்டுச் சாப்பிட்டு, விடியும் வரைக்கும் பேசினார்! இதை எழுதிய லூக்கா ஒரு வைத்தியர். விழுந்தவன் பிழைத்தான் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். அந்த அறையில் அநேக விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன என்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறார். அந்த வெக்கையில் பையன் தூங்காமல் என்ன செய்வான் என்று அவனுக்காக ஒரு வார்த்தை பேசுவது மாதிரி எனக்குப் படும்.

நாம் வேதத்தை வாசிக்கும்போது முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்கிறோம். சிரிக்கிற இடம் வந்தாலும் சிரிப்பதில்லை. கோயிலுக்குள் சிரித்தால், கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை அண்ணன் முறைப்பார் என்பது சின்ன வயதில் பழகியது. சாராளும் அப்படித்தான் பயந்தாள். அவளுக்கு வயது ஏறக்குறைய தொண்ணூறு, அவள் புருஷன் ஆபிரகாமுக்கு ஏறக்குறைய நூறு. உங்களுக்குப் பிள்ளை பிறக்கும் என்று வந்தவர்கள் சொன்னபோது அவள் கூடாரத்துக்குள் இருந்து கேட்டாள். சத்தம் போட்டுக்கூடச் சிரிக்கவில்லை, உள்ளத்திலேதான் நகைத்தாள். ஆண்டவர் அதையே கண்டுபிடித்துக் கேட்டதும் பயந்துபோய், நான் நகைக்கவில்லை என்கிறாள். அதற்கு வந்த பதில், "இல்லை, நீ நகைத்தாய்."

அடி விழும் என்று நினைப்போம். விழவில்லை. அடுத்த வருஷம் பிறந்த பிள்ளைக்கு ஈசாக்கு என்றே பெயர். ஈசாக்கு என்றால் எபிரெய மொழியில் 'நகைப்பான்' என்று அர்த்தம். ஒளித்து வைத்த சிரிப்பையே பிள்ளைக்குப் பெயராக வைத்து, ஆயுசு முழுக்கக் கூப்பிட வைத்துவிட்டார் ஆண்டவர். (முந்தின அதிகாரத்தில் ஆபிரகாமும் முகங்குப்புற விழுந்து சிரித்தார். அவரை ஏன் சிரித்தாய் என்று யாரும் கேட்டதாக இல்லை. இதைப் பெண்கள் சங்கத்தார் கவனித்திருப்பீர்கள்.)

சரி, என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். நாளைக்கு ஆராதனை முடிந்து, சபையார் காணிக்கையாகக் கொடுத்த பொருள்களின் ஏலம் இருக்கிறது. ஏலம் என்றால் என் வீட்டில் இன்னும் ஒரு கோழியின் பேச்சு ஓடுகிறது. சில வருஷங்களுக்கு முன்னால் பண்டிகை அன்று மருமகன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தார். நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தால் நன்றாக இருக்குமே, ஏலத்தில் ஒரு கோழி எடுத்துவிடுவோம், காணிக்கையும் ஆச்சு குழம்பும் ஆச்சு என்று நான் கணக்குப் போட்டேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

நல்ல சிவப்புப் பெட்டை ஒன்று ஏலத்துக்கு வந்தது. முந்நூறு என்று தொடங்கினேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பொடியன் கையைத் தூக்கி முந்நூற்றைம்பது என்றான். நான் நானூறு. அவன் ஐந்நூறு. அவன் கேட்கவில்லை, அவனுக்குப் பின்னால் யாரோ ஒரு அம்மா கேட்கிறார்கள் என்பது தெரிந்தது. தூணும் கூட்டமும் மறைத்ததால் ஆள் தெரியவில்லை. எண்ணூறு வந்தபோது எனக்குக் குழம்பு மறந்துபோனது, மருமகனும் மறந்துபோனார். அந்த அம்மாவை ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான். ஏலம் விடுகிற தம்பி வேறு, "சார்வாள் விடமாட்டாங்க, சார்வாள் விடமாட்டாங்க" என்று ஏற்றிவிடுகிறான். ஆயிரத்து நானூறு வரைக்கும் போனேன். பொடியன் ஆயிரத்து நானூற்றைம்பது என்றான். ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம். முடிந்தது.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, எவளோ பணத்திமிர் பிடித்தவள், நானூறு ரூபாய் கோழியை என்ன விலைக்கு எடுத்திருக்கிறாள் பார் என்று சத்தம் போட்டேன். பதில் இல்லை. புழக்கடைப் பக்கம் போய்ப் பார்த்தால், அதே சிவப்புப் பெட்டை தன் பழைய இடத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் என் வீட்டம்மா, கையில் கடுகு டப்பா. டப்பாவில் பணம் இல்லை.

அந்த வருஷம் கழிச்சல் வந்து எங்கள் கோழிகள் எல்லாம் செத்து, இந்த ஒன்று மட்டும் பிழைத்தது. பிழைத்தால் ஆண்டவருக்கு என்று பொருத்தனை பண்ணிவிட்டாள். விடிகாலையில் கொண்டுபோய்க் கொடுத்தும் விட்டாள். கொடுத்த பிறகு மனசு கேட்கவில்லை. சரி, கொடுத்தது கொடுத்ததுதான், காசு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வோம் என்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அவளை எதிர்த்து ஏறிக்கொண்டே போனது நான். டப்பாவில் இருந்ததும் நான் கொடுத்த பணம்தான். வீட்டில் வளர்ந்த கோழியை எனக்கு அடையாளம் தெரியவில்லை என்பது இன்னும் பெரிய வெட்கம். அதற்கு ஒரு நாள்கூட நான் தீனி போட்டதில்லை.

நான் முப்பது வருஷம் ஓய்வுநாள் பள்ளியில் 'மீட்பு' என்றால் என்ன என்று பாடம் எடுத்தவன். படகு செய்த பையன், அதைத் தொலைத்து, கடையில் கண்டு, காசு கொடுத்து வாங்கினான் என்கிற கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ. வாய் சொன்னதே தவிர, எனக்கு அது உறைத்தது புழக்கடையில்தான். "கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்களே" என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். ஏற்கெனவே தன்னுடையதாக இருந்ததற்கு, சந்தை விலையைப் பார்க்காமல், டப்பாவைக் கவிழ்த்து விலை கொடுப்பது. அந்தக் கோழி என்ன பெறும் என்று அவளிடம் கேட்டுப் பார்த்தேன். "ஏங்க, அதுக்கெல்லாம் விலை உண்டா?" என்றாள். மருமகனுக்கு அன்றைக்கு முட்டைக் குழம்புதான்.

அப்புறம் இன்னொன்று. போன மாதம் பேத்தியைப் பின்னால் வைத்துக்கொண்டு வண்டியில் போனேன், தலையில் ஹெல்மெட் இல்லை. முக்கு திரும்பினால் போலீஸ் வாகன சோதனை. என்னை அறியாமல் ஆண்டவர் கற்பித்த ஜெபத்தின் வரி வாயில் வந்தது, "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்." வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பின்னால் இருந்து பேத்தி, "தாத்தா, ஹெல்மெட் போட்டிருந்தா ஜெபமே வேண்டாமே" என்றாள். ஹெல்மெட் வீட்டில் அலமாரி மேலே, வெங்காயத்தோடு இருந்தது. அபராதம் கட்டினேன். வருமான வரிச் சோதனை என்று பேப்பரில் வந்தால்கூட, இவங்க அந்த ஜெபம் சொல்லலையா என்று கேட்கிறாள். தினமும் ஒப்பிக்கிற வரியை அர்த்தத்தோடு சொல்ல எனக்கு ஒரு போலீஸ்காரர் தேவைப்பட்டார். கெத்செமனேயில் ஆண்டவர், சோதனைக்குட்படாதபடிக்கு விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள் என்று சொன்னபோது சீஷர்கள் தூங்கினார்களே, அவர்களைப் பற்றி நான் இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை.

சிரிப்பு பக்திக்கு ஆகாது என்று நினைக்கிறவர்களுக்கு நான் வீரமாமுனிவரைக் காட்டுவேன். 1680இல் இத்தாலியில் பிறந்தவர், இங்கே வந்து தமிழ் படித்து, இயேசுவை வளர்த்த சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராக வைத்துத் தேம்பாவணியை 3,615 பாட்டில் பாடினார். அதே கைதான் பரமார்த்த குருவின் கதையையும் எழுதியது. ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையை விட்டுப் பார்த்த சீடர்கள் ஞாபகம் இருக்கும். ஆற்றைக் கடந்ததும் எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான், ஒரு ஆள் குறைகிறது. ஆற்றோடு போய்விட்டான் என்று ஒப்பாரி வைக்கிறார்கள்.

நான் ஆண்கள் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தபோது ஒரு கூட்டத்துக்கு 17 பேர் வந்தார்கள் என்று எழுதிவிட்டு, வராதவர்களைப் பற்றி ஒரு பாட்டம் பேசிவிட்டு, டீக்கடைக்காரரிடம் பணம் கொடுக்கப் போனேன். 18 டீ என்றார். அதெப்படி 18, நான் தலையை எண்ணினேன், ஒரு டீக்கு ஏமாற்றுகிறீரா என்று சண்டைக்கே போய்விட்டேன். அவர் டம்ளரைக் கழுவிக்கொண்டே, "சார், உங்களை எண்ணினீங்களா?" என்றார். அந்தக் கதையில் வழிப்போக்கன் ஆளுக்கு ஒரு அடி வைத்துக் கணக்கைச் சரிபண்ணுவான். இவர் அடிக்காமல் விட்டார்.

நேரம் ஆகிவிட்டது, ஐயர் அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, ஆனால் பார்க்காமல் இருக்கச் சிரமப்படுகிறார்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பேதுரு சிறையில் இருக்கிறார், சபையார் மாற்கின் தாயார் வீட்டில் கூடி ஜெபிக்கிறார்கள். தூதன் அவரை வெளியே கொண்டுவந்துவிடுகிறான். அவர் வந்து கதவைத் தட்டுகிறார். ரோதை என்கிற பெண் சத்தத்தை வைத்து அடையாளம் கண்டு, சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடுகிறாள். ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் அவளிடம் சொன்னது, "நீ பிதற்றுகிறாய்." கேட்டது கிடைத்து வாசலில் நிற்கிறது, கேட்டவர்களுக்கு நம்ப முடியவில்லை.

நான் மூக்குப்பொடி போடுகிறவனாக இருந்தேன். என் வீட்டம்மா பெண்கள் சங்கத்தில் அதற்காக 11 வருஷம் ஜெப விண்ணப்பம் கொடுத்தாள். இங்கே இருக்கிற பாதிப் பேர் ஜெபித்திருக்கிறீர்கள், நன்றி. ஒரு நாள் விட்டேவிட்டேன். அவளிடம் சொன்னேன். ம் என்றாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் தினமும் என் கைக்குட்டையை எடுத்து மோந்து பார்த்துவிட்டுத்தான் துவைக்கப் போட்டாள். மறுபடி சங்கத்தில் போய் அதே விண்ணப்பத்தைக் கொடுத்ததாகவும் கேள்வி.

இந்த வருஷமும் ஒரு கோழி கொடுத்திருக்கிறாள். கறுப்பு, கழுத்தில் கொஞ்சம் மஞ்சள் இருக்கும். இந்தத் தடவை அடையாளம் கேட்டு வைத்துக்கொண்டேன். நாளைக்கு ஏலம் முடிகிற வரைக்கும் என் கை இரண்டும் மடியிலேயே இருக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் இங்கே வந்தேன். அவள் காலையிலேயே கடுகு டப்பாவை எடுத்து எண்ணிக்கொண்டிருந்தாள்.