கறுவாத்தோட்டத்துக் கொன்வென்ட்

வணக்கம் உறவுகளே! ஹார்ன் சத்தத்துக்கு மன்னிக்கவும், ஸ்கூல் விடுகிற நேரமாகப் பார்த்து வந்து மாட்டிக்கொண்டேன். இது கொழும்பு 7, கறுவாத்தோட்டம். பின்னால் தெரிகிற மதில் புனித பிரிஜட் கன்னியர் மடத்துடையது. பிள்ளைகள் வெளியே வருகிறார்கள், அதனால் கேமராவை அந்தப் பக்கம் திருப்ப மாட்டேன்.

இதைத் தொடங்கியவர்கள் நல்லாயன் சபைக் கன்னியர்கள். பிரான்சின் ஆஞ்சே நகரில் உருவான சபை. 1869இல் கொழும்புக்கு வந்தவர்கள் முதலில் தங்கியது நம்முடைய கொட்டாஞ்சேனையில். 'நல்லாயன்' என்றால் அந்தப் பக்கத்து ஆட்களுக்கு இன்றும் கொட்டாஞ்சேனை மடம்தான். இங்கே வந்தது 1902இல்.

எங்கள் அம்மம்மா சொல்லுவார்: அந்தக் காலத்துக் கல்யாணப் பேச்சில் "பிள்ளை கொன்வென்டில் படித்தவள்" என்று ஒரு வார்த்தை விழுந்தால் போதுமாம், பரீட்சைப் பெறுபேறு பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்களாம்!

ஆனால் நான் வந்தது வேறு கதைக்கு. சிறிமாவோ பண்டாரநாயக்க படித்தது இங்கேதான். பௌத்தக் குடும்பத்துப் பிள்ளை, கன்னியர்களிடம் படித்து, கடைசிவரை பௌத்தராகவே இருந்தவர். 1960 ஜூலையில் உலகின் முதல் பெண் பிரதமர். அந்த வருடம் முடிவதற்குள் அவருடைய அரசாங்கம் என்ன சட்டம் கொண்டு வந்தது தெரியுமா? அரசின் உதவிப் பணம் பெறும் பாடசாலைகளை அரசே பொறுப்பேற்கும் சட்டம்! அதில் பெரும்பகுதி மிஷன் பாடசாலைகள். அதை எதிர்த்துக் கத்தோலிக்கப் பெற்றோர் பாய் தலையணையோடு பாடசாலைக் கட்டடங்களுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

பெரிய பாடசாலைகளுக்கு மட்டும் ஒரு வழி இருந்தது. தனியாராகவே நிற்கலாம். ஆனால் அரசின் உதவிப் பணம் வராது, பிள்ளைகளிடம் கட்டணமும் அறவிடக் கூடாது. அப்புறம் எப்படி ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பது? நன்கொடை, கானிவெல் என்று அலைய வேண்டியதுதான். பிரதமர் படித்த இந்தக் கொன்வென்ட் அரசிடம் போகவில்லை. இன்றும் கத்தோலிக்கத் தனியார் பாடசாலைதான். இன்னொன்று, அவருடைய மகள், பின்னாளில் ஜனாதிபதியான சந்திரிகா படித்ததும் இங்கேதான். அந்த நாட்களில் வீட்டில் சாப்பாட்டு மேசையில் என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்கு ஒரே யோசனை.

கட்டடப் பிரியர்களுக்கு ஒன்று: இங்குள்ள மொண்டிசோரிக் கட்டடம் 1960களில் இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா வடிவமைத்தது.

சரி, அந்த வேன்காரர் இவ்வளவு நேரமும் ஹார்ன் அடித்தது எனக்குத்தானாம். நகர்கிறேன் அண்ணா, நகர்கிறேன்!