இடையில் கைதட்டினால் என்ன?

நேயர்களுக்கு வணக்கம். லண்டனில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுப்பது என் வேலை. இன்று மேற்கத்தியச் சாஸ்திரிய இசை வாசிக்கும் ஓர் ஆர்கெஸ்ட்ராவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெயர் சினெக்கே. நைஜீரியாவின் இக்போ மொழியில் படைத்தவனைக் குறிக்கும் சொல் இது. வியப்பு வந்தால் நாம் ‘கடவுளே!’ என்போமே, அதுபோல அவர்கள் வாயில் ‘சினெக்கே!’ என்று வரும்.

இதைத் தொடங்கியவர் சிச்சி நுவானோகு. அப்பா நைஜீரியர், அம்மா அயர்லாந்துக்காரர். பள்ளி நாட்களில் அவர் ஓட்டக்காரி. முழங்காலில் அடிபட்டு ஓட்டம் நின்றுபோனதும், 18 வயதில் டபுள் பேஸைக் கையில் எடுத்தார். ஆளைவிட உயரமான தந்திக் கருவி அது; கட்டிப்பிடித்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். ஐந்து வயதில் தொடங்கியவர்களே பாதியில் விட்டுவிடுகிற துறை இது. 18 வயதில் தொடங்கியவர், லண்டனின் முன்னணிக் குழுக்களில் முதல் வரிசைக்கு வந்தார் என்றால் எவ்வளவு உழைத்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

2014இல் காங்கோவின் கின்ஷாசா சிம்பொனி குழு லண்டனுக்கு வந்து வாசித்தது. அந்தச் சமயத்தில்தான், இங்கே மேடைகளில் கறுப்பினத்தவராக உங்களை மட்டுமே பார்க்கிறேனே, ஏன் என்று பிரிட்டனின் கலாசார அமைச்சர் ஒருவர் சிச்சியிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கு அவர் செயலில் பதில் சொன்னார். 2015 செப்டம்பரில், லண்டன் சவுத்பேங்க் சென்டரின் குயின் எலிசபெத் அரங்கில் சினெக்கேயின் முதல் கச்சேரி நடந்தது. கறுப்பினத்தவரும் பிற சிறுபான்மை இனத்தவருமே பெரும்பான்மையாக உள்ள தொழில்முறை ஆர்கெஸ்ட்ரா ஐரோப்பாவில் அதுவரை இருந்ததில்லை.

அன்று வாசித்தவற்றில் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்டீவன் லாரன்ஸ் என்ற கறுப்பின மாணவன், 1993இல் தென்கிழக்கு லண்டனில் பேருந்துக்காகக் காத்திருந்தபோது இனவெறியர்களால் கொல்லப்பட்டான். அவன் நினைவாகப் பிலிப் ஹெர்பர்ட் எழுதிய இரங்கல் இசை அது. பதினெட்டே தந்திக் கருவிகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குரல். ஏன் பதினெட்டு? அவன் வாழ்ந்த ஆண்டுகள் அவ்வளவுதான். அதைத் தெரிந்துகொண்டு கேட்டபோது என்னால் இசையை மட்டும் கேட்க முடியவில்லை. கருவிகளை எண்ணிக்கொண்டே இருந்தேன். இந்த நகரத்தின் துக்கம் இந்த நகரத்தின் மேடையில் ஒலிக்கும்போது, அதைக் கேட்க வருபவர்களும் மாறத்தானே செய்வார்கள்?

அதே கச்சேரியில் சாமுவேல் கோல்ரிட்ஜ்-டெய்லரின் படைப்பும் இருந்தது. 1875இல் லண்டனில் பிறந்தவர்; அப்பா சியரா லியோன்காரர். 1898இல் அரங்கேறிய ‘ஹியாவதாவின் திருமண விருந்து’ என்ற சேர்ந்திசைப் படைப்பு அவரைப் பெரும்புகழுக்குக் கொண்டுபோனது. ஆனால் அதன் உரிமையை வெறும் 15 கினிக்கு (கினி என்பது பழைய பிரிட்டிஷ் பணக் கணக்கு, ஒரு பவுனுக்குச் சற்று மேல்) மொத்தமாக விற்றிருந்தார். அச்சுப்பிரதிகள் லட்சக்கணக்கில் போயின. அவருக்கு அதில் பங்கு கிடைக்கவில்லை. 1912இல், 37 வயதில் நிமோனியாவில் இறந்தார். அப்புறம் மெல்ல மறந்துவிட்டார்கள்.

இப்படி இனத்தை வைத்து ஒரு குழு தேவையா, நன்றாக வாசித்தால் போதாதா என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. போதும்தான். நன்றாக வாசிப்பவர்கள் இத்தனை பேர் இருந்தும் ஏன் கூப்பிடப்படவில்லை என்பதுதான் என் கேள்வி. சினெக்கே 11 முதல் 22 வயது வரையுள்ளவர்களுக்கு ஓர் இளையோர் குழுவும் நடத்துகிறது. அந்த வயதில் பக்கத்து நாற்காலியில் தன்னைப் போல ஒருத்தி உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய தெம்பு என்பதை என் மாணவிகளிடம் தினமும் பார்க்கிறேன்.

அவர்களில் ஒருத்திக்கு ஒன்பது வயது. முதன்முதலாக அவளை வேறொரு கச்சேரிக்கு அழைத்துப் போயிருந்தேன். சிம்பொனியின் முதல் பகுதி முடிந்ததும் துள்ளிக் கைதட்டினாள். சிம்பொனி என்பது ஆர்கெஸ்ட்ராவுக்கான நீண்ட படைப்பு; பெரும்பாலும் நான்கு பகுதிகள். எல்லாம் முடிந்த பிறகுதான் தட்ட வேண்டும் என்பது இங்கே வழக்கம். முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பி ‘ஷ்ஷ்’ என்றார். அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். கடைசியில் எல்லோரும் தட்டியபோதும் எடுக்கவே இல்லை.

அடுத்த வகுப்பில் அவளுக்கு ஒரு கதை சொன்னேன். 1813 டிசம்பரில் வியன்னாவில் பீத்தோவனின் ஏழாவது சிம்பொனி அரங்கேறியது. சினெக்கே தன் முதல் கச்சேரியில் வாசித்ததும் இதே சிம்பொனிதான். அதன் இரண்டாம் பகுதி ‘தாம், தக, தாம், தாம்’ என்று ஒரே நடையில் நகர்ந்துகொண்டே போகும். அது முடிந்ததும் கூட்டம் விடவில்லை. திரும்ப வாசிக்க வைத்தது. பீத்தோவனே நின்று நடத்திய கச்சேரி அது. நிஜமாவா மிஸ் என்று இரண்டு தடவை கேட்டாள்.

சில மாதம் கழித்து அவளைச் சினெக்கே கச்சேரிக்குக் கூட்டிப்போனேன். அரங்கில் தாத்தா பாட்டிகளோடு குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். பலருக்கு அதுதான் முதல் கச்சேரி என்பது அவர்கள் மேடையைப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. முதல் பகுதி முடிந்தது. எங்களுக்குப் பின்னால் யாரோ தட்டினார்கள், இன்னும் பலர் சேர்ந்துகொண்டார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கைகளைத் தூக்கியபடியே அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு முந்தி நான் தட்டினேன்.