காலிலிருந்து நெஞ்சுக்குப் போன குழாய்

அனைவருக்கும் வணக்கம்.

பைபாஸ் செய்துகொண்டவர் வீட்டுக்குப் போனால் ஒரு பேச்சு கட்டாயம் காதில் விழும்: "காலிலிருந்து நரம்பை எடுத்து நெஞ்சில் வைத்திருக்கிறார்கள்." நம் பேச்சு வழக்கில் ரத்தக்குழாயும் நரம்புதான். எடுத்தது சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய். கணுக்காலின் உட்பக்கம் தொடங்கித் தொடை இடுக்கு வரை தோலுக்கு அடியில் ஓடும் சஃபீனஸ் சிரை. நெஞ்சுக்குப் போன பிறகு அது என்ன பாடுபடுகிறது என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன். நான் நோயியல் மருத்துவர். நுண்ணோக்கியில் பார்த்ததை வைத்தே பேசுகிறேன்.

1967 மே மாதம், அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் ரெனே ஃபவலோரோ இந்தச் சிரையை வைத்து இதயத்துக்கு மாற்றுப் பாதை போட்டார். அர்ஜென்டினாக்காரர். 12 ஆண்டுகள் சிற்றூர் ஒன்றில் வைத்தியம் பார்த்துவிட்டு அங்கே போனவர். கால் சிரை நீளமானது, எடுப்பது எளிது, எடுத்தாலும் கால் சமாளித்துக்கொள்ளும். இந்த முறையால் பிழைத்தவர்கள் கோடிக்கணக்கில் இருப்பார்கள்.

ஆனால் ஒட்டிய சிரைகளில் 100-க்கு 10 முதல் 15 வரை முதல் ஆண்டிலேயே அடைத்துக்கொள்கின்றன. பத்தாண்டில் ஏறக்குறைய பாதி போய்விடுகிறது. அதே நோயாளிக்கு மார்புச் சுவரின் உட்பக்கத் தமனியையும் (இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய்) ஒட்டியிருந்தால், அது பத்தாண்டு கழித்தும் 100-க்கு 90 பேருக்கு மேல் திறந்தே இருக்கிறது. ஒரே ஆள், ஒரே ரத்தம், ஒரே சர்க்கரை, ஒரே கொழுப்பு. அப்படியென்றால் குழாயில்தானே வித்தியாசம்?

சிரை அடைபடுவது பல ஆண்டு கழித்துத் தொடங்கும் கதை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. அது அறுவை மேசையிலேயே தொடங்குகிறது.

காலைத் திறந்து சிரையை உருவி எடுக்கிறார்கள். சுற்றியிருக்கும் கொழுப்பையும் இழைகளையும் வழித்துவிடுகிறார்கள். சிரையின் சுவருக்கு உணவு கொண்டுவரும் நுண்குழாய்கள் அந்த வெளிப்போர்வையில்தான் இருக்கின்றன. அவையும் கூடவே போய்விடுகின்றன. தொட்ட மாத்திரத்தில் சிரை சுருங்கிக்கொள்ளும். அதை விரிக்கவும், கிளைகளில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கவும் ஒரு முனையை இறுக்கிப் பிடித்து, மறுமுனையில் சிரிஞ்சை வைத்து உப்புநீரை அழுத்துகிறார்கள். சிரை புடைத்து வெளுத்து நிற்கும். அந்த நேரத்தில் உள்ளே அழுத்தம் 300 மில்லிமீட்டர் பாதரசத்தையும் தாண்டலாம். படுத்திருக்கும்போது 10 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் அதற்குப் பழக்கம். அப்புறம் கிண்ணத்து நீரில் பிராணவாயு இல்லாமல் காத்துக் கிடக்கிறது. தைத்து முடித்துக் கிடுக்கியை எடுத்ததும், தமனியின் ரத்தம் 120 மில்லிமீட்டர் அழுத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் வந்து மோதுகிறது.

அந்தச் சிரையில் ஒரு துணுக்கை வெட்டிப் பார்த்தால், உள்பக்கத்தை ஓடு வேய்ந்தாற்போல மூடியிருக்கும் ஒற்றை வரிசைச் செல்கள் திட்டுத்திட்டாக உரிந்திருக்கும். நடுச்சுவரின் தசைச் செல்களில் சிலவற்றின் உட்கரு கடுகு போலக் கறுத்துச் சுருண்டு, பொடிப்பொடியாக உடைந்திருக்கும். இதற்கு 1972-ல் கெர், வில்லி, கர்ரி என்ற மூவர் அபாப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. செல் தன்னைத் தானே ஒழுங்காக முடித்துக்கொள்ளும் சாவு. இன்னொன்று நெக்ரோசிஸ்: செல் வீங்கி வெடித்து, உள்ளே இருந்ததையெல்லாம் அக்கம்பக்கத்தில் கொட்டி, அழற்சியைக் கிளப்பும் சாவு. ஒட்டிய சிரையில் இரண்டுமே உண்டு. எலிகளுக்குச் சிரையைத் தமனியில் ஒட்டிப் பார்த்த ஆய்வுகளில் முதலில் தெரிந்ததே இந்தச் செல் சாவுதான்.

சரி, செத்தால் சுவர் மெலியத்தானே வேண்டும், எப்படி அடைக்கிறது? சிதைந்த செல்களிலிருந்தும், உரிந்த இடத்தில் வந்து ஒட்டும், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களிலிருந்தும் வளர்ச்சிக் காரணிகள் வெளியேறுகின்றன. மிச்சமிருக்கும் தசைச் செல்கள் அதைக் கேட்டுப் பெருகி, உள்பக்கம் நகர்ந்து, புதிதாக ஒரு தடித்த அடுக்கைக் கட்டுகின்றன. காயத்துக்கு மேல் வடு ஏறுகிற மாதிரிதான். முதல் மாதத்து அடைப்பு பெரும்பாலும் ரத்த உறைவு. ஓராண்டுக்குள் வருவதில் இந்தத் தடிப்புக்குப் பெரும் பங்கு. அதற்குப் பிறகு அந்த அடுக்கில் கொழுப்பு ஏறுகிறது. கொழுப்பைத் தின்ற செல்கள் அங்கேயே சாக, நடுவில் கூழாக ஒரு குவியல். அதை மூடியிருக்கும் தோலும் மெலிந்தது. பழைய சிரையை வெட்டும்போது அந்தப் படிவு காய்ந்த புட்டு மாதிரி உதிர்வதைப் பார்க்கலாம். ஸ்டென்ட் வைக்கக் கம்பியை நுழைத்தால் துகள்கள் கழன்று கீழே ஓடி நுண்குழாய்களை அடைத்துவிடும் என்று இதய மருத்துவர்கள் பயப்படுவது இதனால்தான்.

பெருகுவதைத் தடுத்தால் போதும் என்று ஒரு காலம் நம்பினோம். சிரையை ஒட்டுவதற்கு முன் எடிஃபோலிகைடு என்ற மருந்தில் ஊற வைத்து, செல் பெருகுவதற்கான விசையை அணைத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் 3,014 பேரிடம் நடந்த ஆய்வு அது. முடிவு 2005-ல் வந்தது. ஒன்றரை ஆண்டுக்குள், மருந்து பெற்றவர்களிலும் பெறாதவர்களிலும் 100-க்கு ஏறத்தாழ 45 பேருக்கு ஒரு சிரையாவது கெட்டிருந்தது. எனக்கு இது பெரிய பாடமாகப் பட்டது. பெருக்கத்தோடு சண்டை போட்டோம். அதைத் தூண்டிய சாவைக் கவனிக்காமல் விட்டோம்.

ஸ்வீடனில் ஓரேப்ரோ நகரத்து அறுவை நிபுணர் டொமிங்கோஸ் சோசா 1990-களில் வேறு வழியில் போனார். சிரையைச் சுற்றிய கொழுப்போடு சேர்த்தே எடுத்தார்; சிரிஞ்சால் புடைக்க வைக்கவில்லை. அவருடைய நோயாளிகளுக்குச் சிரைகள் நெடுநாள் உழைத்தன. சீனாவில் 2,600-க்கு மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்விலும் அடைப்பு குறைந்தது. ஆனால் பின்னர் ஸ்வீடனிலேயே நடந்த பெரிய ஆய்வில் அந்த ஆதாயம் தெரியவில்லை. கால் புண்தான் அதிகம் தொல்லை கொடுத்தது. ஆகவே வழக்கு இன்னும் முடியவில்லை. என்றாலும் சிரிஞ்சில் அழுத்தத்துக்கு ஒரு வரம்பு வைப்பதற்கும், சிரையைக் குறைந்த நேரம் காக்க வைப்பதற்கும், எந்தத் திரவத்தில் வைக்கிறோம் என்று யோசிப்பதற்கும் அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

இங்கே பைபாஸ் ஆனவர்களும் உட்கார்ந்திருப்பீர்கள். அறுவை முடிந்த சில மணி நேரத்திலேயே ஆஸ்பிரின் தொடங்குவது, உரிந்த அந்த ஒற்றை வரிசையின் மேல் ரத்தம் உறையாமல் இருப்பதற்காக. ஸ்டாட்டின் மாத்திரை, அந்தத் தடித்த அடுக்கில் கொழுப்பு ஏறாமல் இருப்பதற்காக. கெட்ட கொழுப்பை நன்றாக இறக்கினால் சிரை கெடுவது மெதுவாகிறது என்று 1997-லேயே காட்டிவிட்டார்கள். "நெஞ்சுவலிதான் போய்விட்டதே, இனி எதற்கு மாத்திரை?" என்று ஆறாம் மாதத்தில் நிறுத்துகிறவர்களை அடிக்கடி பார்க்கிறோம். ஆறாம் மாதம் என்பது, உள்ளே அந்த அடுக்கு தடித்துக்கொண்டிருக்கும் நேரம்.