குளிக்க இடம் வேண்டும் என்று ஊரையே பிடித்த ஜெனரல்! முதல் உலகப்போரின் கடைசி 6 மணி நேரம்

வணக்கம் மக்களே! காலை மணி 10:59. இன்னும் ஒரே நிமிடம், உலகப்போர் முடிந்துவிடும். எதிரே இருக்கும் ஜெர்மன்காரர்களுக்கும் அது தெரியும். "வராதே, திரும்பிப் போ" என்று கையை ஆட்டிக் கத்துகிறார்கள். அப்படியும் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு ஓடி வருகிறான் ஓர் அமெரிக்கச் சிப்பாய். வேறு வழியில்லாமல் சுட்டுவிட்டார்கள். பெயர் ஹென்றி குந்தர். வம்சாவளி? அவனும் ஜெர்மன்தான்!

1914, கூட்டணி, பதுங்குகுழி எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஓட்டிவிடலாம். 1918 நவம்பர் 11, விடியற்காலை 5 மணி சுமாருக்கு, பிரான்சின் கோம்பியேன் காட்டில் நின்ற ரயில் பெட்டியில் போர் நிறுத்தக் கையெழுத்து விழுந்தது. அமலுக்கு வருவது 11 மணிக்கு. போர்முனை முழுக்கச் செய்தி போய்ச் சேர வேண்டாமா? சரி, நியாயம். ஆனால் ஜெர்மன் குழு 8-ஆம் தேதியே வந்து, "பேசி முடிக்கும்வரை சண்டையை நிறுத்துங்கள்" என்று கேட்டது. நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி, பிரான்சின் மார்ஷல் ஃபோஷ் மறுத்துவிட்டார். அந்தக் கடைசி நாளில் மட்டும் இரு தரப்பிலும் 2,700 பேருக்கு மேல் செத்ததாக ஒரு கணக்கு சொல்கிறது.

இப்போது நம்ம ஹீரோவுக்கு வருவோம். அமெரிக்கத் தலைமைத் தளபதி பெர்ஷிங் அனுப்பிய தகவலில் 11 மணிக்கு நிறுத்தம் என்று இருந்தது. அதுவரை என்ன செய்வது? அது அந்தந்தத் தளபதி பாடு! சிலர் படையை அப்படியே உட்கார வைத்துவிட்டார்கள். 89-ஆவது டிவிஷன் ஜெனரல் வில்லியம் ரைட் வேறு மாதிரி யோசித்தார். பசங்கள் குளித்துப் பல நாள் ஆயிற்று, ஸ்டெனே ஊரில் குளியல் வசதி இருக்கிறதாம், பிடித்துவிடுவோம். பிடித்தும் விட்டார். செத்தவர்கள், காயப்பட்டவர்கள் சேர்த்து 300-க்கும் மேல். உண்மையாகவே இதுதான் காரணம் மக்களே, நான் கதை விடவில்லை.

எனக்கு வயிறெரிவது எங்கே தெரியுமா? ஒப்பந்தப்படி ஜெர்மன் படை 15 நாளுக்குள் பிரான்சை விட்டே கிளம்பியாக வேண்டும். ஸ்டெனே சும்மாவே கைக்கு வந்திருக்கும். இன்னும் ரெண்டு வாரம் நாறினால் யாரும் செத்துவிட மாட்டார்கள்!

பெர்ஷிங் பக்கமும் ஒரு வாதம் உண்டு. ஜெர்மனியை முழுசாகத் தோற்கடிக்காமல் விட்டால் திரும்ப வரும் என்றார். 1939-இல் வந்தது. சரிதான், ஆனால் அந்தக் கவலைக்கும் ஸ்டெனே குளியலறைக்கும் என்ன சம்பந்தம்?

பிரெஞ்சுப் படையில் அகுஸ்தேன் ட்ரெபுஷோன் என்றொரு தூதுவன். 10:45 சுமாருக்குச் சுடப்பட்டான். கையில் இருந்த செய்தி: 11:30-க்கு சூப் தருவார்கள். கல்லறையில் இறந்த தேதி நவம்பர் 10 என்று இருக்கிறது. கடைசி நாளில் ஆளைச் சாகவிட்டது வெளியே தெரிந்தால் மானக்கேடு என்று நினைத்தார்களோ என்னவோ!

அமெரிக்க நாடாளுமன்றம் 1920-இல் விசாரணை வைத்தது. யாருக்கும் தண்டனை இல்லை.

நீங்கள் அங்கே ஒரு கேப்டன் என்று வையுங்கள். மணி 9. தாக்கு என்று உத்தரவு. மறுத்தால் ராணுவக் கோர்ட். என்ன செய்வீர்கள்? கமென்டில் எழுதுங்கள். "வாட்ச் ஓடவில்லை சார் என்பேன்" என்று எழுதுகிறவருக்கு என் லைக் உறுதி.